புன்னை நின்ற காயல்

கேள்வி: திருச்செந்தூர் செல்லும் வழியில் ‘புன்னக்காயல்’ என்ற ஊர்ப்பெயரைப் பார்த்தேன். பாண்டியரின் மீன்கொடியால் ‘கயல்’ வந்து சேர்ந்தது என்று உடன் வந்த பெரியவர் சொன்னார். அது சரியா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அங்கயற்கண்ணியின் ஊரை அடுத்து வாழும் நமக்குக் கயல் என்றதும் மீன் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இப்பெயரில் இருப்பது கயல் அன்று, காயல். கயல் என்பது கெண்டை மீன். காயல் என்பது கடலை ஒட்டி மணல்மேட்டுக்குப் பின்னே தேங்கி நிற்கும் உப்புநீர்ப் பரப்பு. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல் என மூன்று ஊர்கள் இச்சொல்லைத் தாங்கியிருக்க, அவற்றுள் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் ஊருக்கு மட்டும் ஒரு மரம் அடையாளமாயிற்று.

புன்னை, உப்புக்காற்றையும் வெறும் மணலையும் பொருட்படுத்தாமல் தழைக்கும் மரம். அதன் உருண்டைக் காய்கள் கடல்நீரில் மிதந்து சென்று வேறு கரையில் முளைக்க வல்லவை. இலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: நடுநரம்பின் இருபுறமும் சீப்பின் பற்களைப் போல மெல்லிய நரம்புகள் நெருங்கி ஓடுவது தெரியும். பூவோ வெண்ணிற இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் கொத்தாக நிற்க, நல்ல மணம் வீசும். கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெய் விளக்கெரித்தது, மரம் படகுக்கு உதவியது. கடலோடிகள் தம் கரையை இம்மரத்தால் அழைத்ததில் வியப்பில்லை.

நற்றிணையின் 172ஆம் பாடலில், தலைவி தோழியரோடு விளையாடும்போது வெண்மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைவிட, அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்கள் தங்கை என்று அன்னை சொன்னதால், அதன் நிழலில் தலைவனோடு சிரித்துப் பேச நாணம் வருகிறது. ஒரு மரத்தை உறவாகவே வைத்த இப்பாடலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

நீங்கள் கண்ட ‘புன்னக்காயல்’ என்பது பேச்சில் ஐகாரம் தேய்ந்த வடிவம். அந்த ஐகாரம் போனால் மரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே எழுதும்போது ‘புன்னைக்காயல்’ என்றே எழுத வேண்டுகிறேன்.