கன்று ஈன்ற பசு தள்ளாடுகிறது, நஞ்சுக்கொடியும் விழவில்லை: முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுவுக்கு இது நான்காவது ஈற்று. நேற்று முன்தினம் இரவு கன்று ஈன்றது. நஞ்சுக்கொடி இன்னும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. இன்று காலையிலிருந்து தீவனத்தைத் தொடவில்லை. நடை தள்ளாடுகிறது, காது சில்லென்று இருக்கிறது. கொடியைக் கைவிட்டு எடுத்துவிடலாமா? கால்சியம் டானிக் ஊற்றலாமா?

பதில்: தொங்கும் கொடியைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறீர்கள். அது பொறுக்கும். சில்லிட்ட காதும் தள்ளாட்டமும் பொறுக்காது. உடனே கால்நடை மருத்துவருக்கு ஃபோன் செய்துவிடுங்கள்; மீதியை அவர் வருவதற்குள் படித்துக்கொள்ளலாம். கொடியை இழுக்காதீர்கள். டானிக் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பால் காய்ச்சலைக் காட்டுகின்றன. பெயரில்தான் காய்ச்சல்; உண்மையில் உடம்பின் சூடு குறையும். ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், திடீரென்று சரிவதுதான் நோய். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. பசுவின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுவதோ மொத்தமே சில கிராம்தான். ஈன்றதும் மடி இப்படி உறிஞ்சும்போது, எலும்பிலும் குடலிலும் இருந்து கால்சியம் வேகமாக வந்து ஈடுகட்ட வேண்டும். இளம் பசுவுக்கு அது எளிதில் நடக்கும். வயது ஏற ஏற அந்த வேகம் குறையும். அதனால்தான் மூன்றாவது ஈற்றுக்கு மேல், அதுவும் நன்றாகக் கறக்கும் பசுக்களிடம், ஈன்ற முதல் மூன்று நாட்களில் இதை அதிகம் பார்க்கிறோம்.

தசை வேலை செய்ய கால்சியம் வேண்டும். அது குறைந்தால் முதலில் நடை தள்ளாடும், உடல் லேசாக நடுங்கும். பிறகு மாடு படுத்துவிடும், கழுத்தை மடக்கித் தலையை விலாப்பக்கம் வைத்துக்கொள்ளும். மூக்கு காய்ந்துபோகும், சாணம் நின்றுவிடும். அதற்கும் அடுத்த கட்டத்தில் ஒருக்களித்துச் சாய்ந்து நினைவிழக்கும். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டத்துக்குப் போகச் சில மணி நேரம் போதும்.

சிகிச்சை, ரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றுவது. இதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். இதயத் துடிப்பைக் கேட்டபடியே மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடும். யாரோ அவசரத்துக்குக் கைவசம் இருந்த பாட்டிலை ஏற்றி, நோயைவிட மருந்தே மாட்டைக் கொன்ற கொடுமையைப் பார்த்திருக்கிறேன். வாயில் ஊற்ற வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. இந்த நிலையில் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும்.

மருத்துவர் வரும்வரை உங்கள் வேலை, பசுவை நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைப்பது. இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டைகளை அண்டைகொடுங்கள். ஒருக்களித்துச் சாய விட்டால் வயிறு உப்பி மூச்சு முட்டும். வழுக்கும் தரையென்றால் மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்புங்கள். எழ முடியாமல் போனால், நெஞ்சு தரையில் இருக்கும்படியே, எடை விழும் தொடைப்பக்கத்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரே பக்கம் பல மணி நேரம் கிடந்தால் சொந்த எடையே தொடைத் தசையை நசுக்கிவிடும். பிறகு கால்சியம் சரியானாலும் மாடு எழாது.

மருந்து ஏறியதும் பெரும்பாலும் மாடு ஏப்பம் விடும், சாணம் போடும், எழுந்து நிற்கும். ஆனால் ஒரு நாளுக்குள் மறுபடி படுத்துவிடுகிற மாடுகளும் உண்டு, கண் வைத்திருங்கள். இரண்டு நாட்களுக்கு மடியை ஒட்டக் கறக்காமல், கன்றுக்கு வேண்டியதை மட்டும் கறந்தால் நல்லது.

மருத்துவர் வந்ததும் நான்கு காம்புகளிலும் பீய்ச்சிக் காட்டுங்கள். கடுமையான மடிநோயிலும் காது சில்லிட்டு மாடு படுத்துவிடும், பால் காய்ச்சல் போலவே தோன்றும். ஒரு காம்பில் தண்ணீராகவோ திரியாகவோ வந்தால் சிகிச்சையே வேறு.

இனி கொடி. பொதுவாக ஈன்ற 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். ஒரு நாள் தாண்டினால் தங்கிவிட்டது என்று பொருள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோடு நூறு பொத்தான்கள் போட்டதுபோல் பிணைந்திருக்கிறது. அந்தப் பொத்தான்களை அவிழ்ப்பது உடலின் எதிர்ப்புச் செல்கள். கால்சியம் குறைந்தால் அவையும் சோம்பிவிடும், கர்ப்பப்பையும் சுருங்காது. உங்கள் பசுவுக்கு இரண்டு தொல்லைகளும் சேர்ந்து வந்தது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

கைவிட்டுப் பிய்த்தால் பொத்தான் பொத்தானாகப் புண்ணாகும், கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். கனமான எதையாவது கட்டித் தொங்கவிட்டால் கர்ப்பப்பையே புரண்டு வெளியே வந்துவிடலாம். தரையில் இழுபடும் பகுதியை மட்டும் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் 4 முதல் 10 நாட்களில் தானே அழுகி விழும். நாற்றம் அடிக்கத்தான் செய்யும். அதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். காய்ச்சலும் சோர்வும் சேர்ந்து, செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர்போல் கெட்ட நாற்றத்துடன் ஒழுகினால் அது கர்ப்பப்பை அழற்சி. அப்போது ஊசி மருந்து வேண்டும். அந்த மருந்து போட்ட நாட்களிலும், மருத்துவர் சொல்லும் கெடு முடியும்வரையிலும் பாலை யாரும் குடிக்கக் கூடாது.

காய்ச்சலைக் கையால் தொட்டு அறிய முடியாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, ஆசனவாயில் வைத்துக் காலை மாலை இரண்டு வேளையும் 10 நாட்களுக்குப் பார்த்து எழுதி வையுங்கள். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் சரியான சூடு. 103-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 100-க்குக் கீழே போனால் இன்னும் வேகமாகக் கூப்பிடுங்கள். மாடு வளர்ப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

கொடியையும் கசிவையும் வெறும் கையால் தொடாதீர்கள். கருச்சிதைவு நோய்க்கிருமியான புருசெல்லா இதன் வழியாக மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். நாய் இழுத்துப்போக விடாதீர்கள். மந்தையில் கன்று வீசுவதும் (கருச்சிதைவு) கொடி தங்குவதும் அடிக்கடி நடந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பசு தேறிய பிறகும் ஆறு வாரம் கவனம் வேண்டும். அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மென்று, பால் குறைந்து, மூச்சில் இனித்த வாடை வந்தால் அது கீட்டோசிஸ், அதாவது தீவனம் போதாமல் உடல் தன் கொழுப்பையே அளவுக்கு மீறிக் கரைப்பதால் வரும் நோய். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பாஸ்பரஸ் குறைபாடாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான். சினை ஊசிக்கு 60 நாட்களாவது பொறுத்து, கர்ப்பப்பையைச் சோதித்த பிறகு போடுங்கள்.

டானிக் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த சினையில் கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள், குதிரைமசால் போன்ற கால்சியம் மிகுந்த தீவனத்தையும் குறையுங்கள். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடல் நிறுத்திவிடும். ஈன்ற அன்று திடீரென்று தேவைப்படும்போது அது கைகொடுக்காது. ஒருமுறை பால் காய்ச்சல் வந்த பசுவுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். எனவே ஈனும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஈன்ற உடனே, மாடு தெம்பாக நின்று விழுங்கக்கூடிய நிலையில் வாய்வழிக் கால்சியம் எவ்வளவு கொடுப்பது என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.