வண்டு பொறக்கறது மரத்துல இல்ல, உங்க எருக்குழியில

கேள்வி: ஐயா, நான் பேராவூரணி பக்கம். கஜா புயல்ல தென்னை எல்லாம் போச்சு, 2020ல 140 கன்னு வச்சேன். இப்ப குருத்தோலை விரியும்போதே கத்திரிக்கோலால வெட்டுன மாதிரி விசிறியா வருது, ஏழு கன்னுல குருத்தே காஞ்சிருச்சு. கடையில குருணை குடுத்தாங்க, ரெண்டு தடவை போட்டும் திரும்ப வருது. இதவிட கடுமையான மருந்து எது? அப்புறம் எருக்குழியில கட்டைவிரல் மொத்தத்துக்கு வெள்ளைப் புழு கிடக்கு, எருவுக்கு நல்லதுன்னு மாமனார் சொல்றாரு, விட்டுடலாமா?

பதில்: தம்பி, போற போக்குல கடைசியா கேட்டீங்க பாருங்க, அதான் கேள்வி. குருத்தை வெட்டுறது காண்டாமிருக வண்டு, அந்த வண்டோட குழந்தைங்கதான் குழியில கிடக்குது, நீங்களே சாணி போட்டு வளர்க்குறீங்க.

கத்தரிக்காய்ல புழுதான் திங்கும், அது அந்துப்பூச்சி ஆயிட்டா காயைத் தொடாது. இங்க அப்படியே தலைகீழ். புழு மக்குனதைத் தவிர வேற எதையும் திங்காது, பச்சை மரத்துக்கு வரவே வராது. முட்டை பொரிய பத்து நாள் சொச்சம், புழுவா 3 மாசத்துலேர்ந்து 6 மாசம் வரைக்கும் குழியிலயே தின்னு தின்னு ரெண்டு தடவை தோல் உரிச்சு அந்த மொத்தத்துக்கு வருது, அப்புறம் மண்ணால கூடு கட்டி உள்ள கூட்டுப்புழுவா 3, 4 வாரம், வண்டா மாறுனப்புறமும் ஓடு இறுகுற வரைக்கும் கொஞ்ச நாள் அங்கயேதான், அதுக்கப்புறம்தான் ராத்திரில பறந்து வந்து உங்க குருத்துல துளை போடுது. மரத்துல நீங்க பாக்குறது கடைசிக் கட்டம் மட்டும். அதைக் கொன்னா நாளைக்கு குழியிலேர்ந்து அடுத்தது வரும், பின்ன எந்த மருந்து நிக்கும்?

அந்தக் குருணை எதுன்னு பையைப் பாருங்க. போரேட்னா 2020 டிசம்பரோட தடை பண்ணியாச்சு, இன்னும் பழைய சரக்கை தள்ளி விடுறவன் இருக்கான், அவன்கிட்ட யூரியா கூட வாங்காதீங்க. எருவைக் கிளறுங்கன்னு கடைக்காரர் சொல்லவே மாட்டாரு, சொன்னா அவருக்கு என்ன கிடைக்கும்.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா குழியை அடிவரைக்கும் வெட்டிக் கிளறுங்க. ஏன் ரெண்டு மாசம்னா, புழு கூடு கட்ட குறைஞ்சது 3 மாசம் ஆகும், அதுக்கு முந்தியே கையில மாட்டிக்கும். மேலாக்க கிளறிட்டு ஆள் கூலி குடுத்தேன்னு சொல்லாதீங்க, பெரிய புழுவும் கூடும் அடியிலதான் இருக்கும். அப்புறம் மெட்டாரைசியம், பச்சைப் பூஞ்சைன்னு சொல்லுவாங்க, வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தானே, அங்க கேளுங்க. அதை புழு திங்கவேணாம், தோல்ல ஒட்டுனாலே உள்ள முளைச்சு கொன்னுடும். ஆனா குழி ஈரமா இருக்கணும், காஞ்ச எருவுல தெளிச்சா காசு வேஸ்ட். கஜால விழுந்த மரத்தோட அடிக்கட்டை வயல்ல இன்னும் மக்கிக்கிட்டு கிடக்கா? அதையும் எடுங்க, குழியை மட்டும் சுத்தம் பண்ணா வண்டு அங்க போயி முட்டை வைக்கும்.

மாமனார் சொன்னதும் முழுசா தப்பில்ல. ஒரு புழுவை எடுத்து சாக்கு மேல விடுங்க. மல்லாக்கப் படுத்து முதுகாலயே நகந்து போச்சுன்னா அது வேற, பூ வண்டோட புழு, எருவை மக்க வைக்கும், விட்டுடுங்க. சுருண்டு ஒருக்களிச்சே கிடந்தா அதான் எதிரி.

மரத்துக்கு இப்போதைக்கு: துளையில சக்கை தள்ளிருந்தா கொக்கிக் கம்பியால வண்டைக் குத்தி எடுங்க. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டுன மூணு மட்டை இடுக்குல போடுங்க. இனக்கவர்ச்சிப் பொறி, அதான் வாசனை காட்டி வண்டை இழுத்துப் புடிக்கிற பொறி, வைக்கறதுனா வேலியோரமா வைங்க, கன்னுக்கு நடுவுல கொண்டுபோயி வச்சா அக்கம்பக்கத்து வண்டையெல்லாம் வீட்டுக்கு விருந்து கூப்பிட்ட கதைதான்.

காஞ்ச அந்த ஏழு கன்னையும் நாளைக்கே பாருங்க. இந்த வண்டு போட்ட காயத்துல சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும், அதோட புழு எருவுல இல்ல, மரத்துக்குள்ளயே தின்னு வளரும். தண்டுல பழுப்புச் சாறு வடிஞ்சா இல்ல காதை வச்சா நறநறன்னு கேட்டா, அந்தக் கன்னை யோசிக்காம வெட்டி எரிச்சிடுங்க.

குழியில பொறுக்குனதை கோழிக்குப் போடுங்க, அடிச்சுப் புடிச்சுத் திங்கும்.