புளியமரத்தடியில் கிடக்கும் பழைய ஃபைபர் படகு: முதலில் எங்கே கை வைப்பது?

கொளத்தூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடலூர் பக்கத்திலிருந்து 16 அடி ஃபைபர் மீன்பிடிப் படகு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்கு முன்னால் புளியமரத்தடியில் இறக்கி வைத்திருக்கிறாராம். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க அதைத் தயார் செய்ய வேண்டும். பக்கவாட்டில் கீறல்கள், அடியில் ஏராவை, அதாவது படகின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை, ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு உடைசல், உள்ளே தட்டில் கால் வைத்தால் ஓர் இடத்தில் மெத்தென்று அமுங்குகிறது, மோட்டார் மாட்டும் பின்பலகையில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் கறுப்பாகக் கசிவு. "நான் ஃபைபர் வேலை செய்ததே இல்லை. தாத்தா பரிசலுக்குத் தார் பூசுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். எம்சீல் வைத்து அடைத்து பெயின்ட் அடித்துவிடு என்கிறார்கள். சரியா?" என்று கேட்கிறார்.

சரியில்லை தம்பி. பரிசல் ஒழுகினால் வெளியே தார் பூசினால் போதும், ஏனென்றால் தண்ணீர் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை. கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும். ஃபைபர் படகு அப்படியில்லை. இரண்டு தோலுக்கு நடுவில் பலகை இருக்கும், தெர்மாகோல் இருக்கும், வெற்றிடம் இருக்கும். தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். நீங்கள் எம்சீல் வைத்து அடைப்பது அதை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். உங்கள் கடிதத்தில் கீறலைவிட என்னை யோசிக்க வைத்தது அந்த மெத்தென்ற தட்டும் கறுப்புக் கசிவும்தான்.

அதனால் கடைக்குப் போகும் முன்பு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி உட்காருங்கள். மாம்பழம் தட்டிப் பார்ப்பதுபோல விரல்கடை விட்டு விரல்கடை தட்டுங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடமும் ஊறிய பலகையும் 'பொத் பொத்' என்று மந்தமாகச் சொல்லும். அந்த இடங்களை சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பின்பலகையில் உள்பக்கமாக, கீழ் ஓரத்தை ஒட்டி, 5 மில்லிமீட்டர் டிரில் போட்டு வருகிற தூளைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் அதிர்ஷ்டம். காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, ஈரமாக வந்தால் பலகை போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும். போல்ட் ஓட்டையைச் சுற்றிக் கசிகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன், காப்பித்தூள்தான் வரும்.

இன்னொன்று. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரமெல்லாம் ஃபைபர் படகு கட்டும் கூடாரங்கள் முளைத்தன. நான் தொழில் கற்றுக்கொண்டதும் அப்படி ஒரு கூடாரத்தில்தான். நல்ல படகுகளும் கட்டினோம், அவசரத்தில் கட்டியவையும் உண்டு. உங்களுடையது அந்தக் காலத்துப் படகாக இருந்தால் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. எப்படியும் தண்ணீர் வடிய ஓட்டை போடப் போகிறீர்கள். போடும்போது வளைந்த கம்பியை உள்ளே விட்டுக் கனத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தில் பல இடங்களில் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து, ஏராவின் நீளத்துக்கு விரிசலும் ஓடினால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்கு வேறு படகு உடம்பு கிடைக்கும். ஏரா நன்றாக இருந்து, பின்பலகையும் தட்டும் மட்டும் கெட்டிருந்தால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் செய்யக்கூடிய வேலைதான்.

சரி, பிரிக்கலாம். அதற்கு முன் படகை எதன்மேல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு செங்கல் அடுக்கின்மேல் நிற்கிறதென்றால் தட்டை வெட்டாதீர்கள். தட்டுதான் படகின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தவுடன் அடிப்பாகம் செங்கல் இருக்கும் இடத்தில் குழிந்துவிடும். அந்தக் குழிவோடு புதுத் தட்டை ஒட்டினால் கோணல் நிரந்தரம். மணல் மூட்டைகளும் பழைய லாரி டயர்களும் போட்டு, ஏரா முழுநீளத்துக்கும் தாங்குமாறு உட்கார வையுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கி இரண்டு விளிம்பும் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் தட்டைக் கிரைண்டரால் ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி எடுங்கள். உள்ளே ஊறிய தெர்மாகோல், சேறு, சில நேரம் செத்த நண்டு எல்லாம் வரும். கடலில் ஓடிய படகு என்பதால் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு காய விடுங்கள். இதில்தான் கடலூர்க்காரனுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. மாசி, பங்குனியில் சேலத்து வெயிலைவிட நல்ல உலர்த்தி கிடையாது. மூன்று நான்கு வாரம் ஆகட்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஓர் அடிச் சதுரம் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காயும் அந்த மூன்று வாரத்தில் ரெசினோடு, அதாவது ஃபைபர் இழையை நனைத்து இறுகும் பிசினோடு, பழகிக்கொள்ளுங்கள். படகில் வேண்டாம், ஒரு பழைய சன்மைக்கா துண்டின்மேல். சேலத்தில் தண்ணீர்த் தொட்டியும் வண்டிக் கூரையும் செய்யும் ஃபைபர் பட்டறைக்காரர்கள் எங்கே வாங்குகிறார்களோ அங்கேயே பாலியஸ்டர் ரெசின் வாங்குங்கள். டப்பாவில் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெயிலில் கிடந்த ரெசின் கஞ்சி மாதிரி இருக்கும், மலிவாகத் தந்தாலும் வேண்டாம். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலக்காதது என்றால் அந்த ஆக்சிலரேட்டரை, கோபால்ட் என்பார்கள், தனியாகத் தருவார்கள், நீலம் கலந்த ஊதா நிறத்தில். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும்.

இந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று ஒருபோதும் சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே சிரிஞ்சால் இரண்டையும் எடுப்பதும் அதே ஆபத்துதான். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு இரண்டு வாங்கி, ஒன்றில் சிவப்பு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ ரெசினில் முதலில் 5 மில்லி கோபால்ட் விட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். அதற்குப் பிறகுதான் 5 மில்லி கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு சொட்டு பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே 15 நிமிடம் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பக்கத்தில் பீடி பிடிக்கிறவரை ஐம்பதடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

கலந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, குச்சியால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். கூழாக இருப்பது திடீரென்று ஜெல்லி மாதிரி வெட்டிவரும். அதுவரை ஆன நிமிடங்கள்தான் உங்கள் கைக்குக் கிடைக்கும் நேரம். காலை ஆறரை மணிக்கு இருபது நிமிடம் கிடைத்தால், சித்திரை மாத மத்தியானத்தில் அதே அளவுக்கு எட்டு நிமிடம்கூட நிற்காது. வாளியில் மொத்தமாகக் கலந்தால் சூடு உள்ளேயே ஏறி, வாளி உருகிப் புகையும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்க வேண்டாம்.

குளிரும் ஆகாது. ஏற்காட்டில் ஒரு விடுதியின் மிதிபடகுக்கு டிசம்பரில் ஒட்டுப் போடப் போனேன். ஏரியில் பனிமூட்டம், படகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம். கேட்டலிஸ்டை இரண்டு மடங்கு ஊற்றியும் மறுநாள் காலையில் மேட் (கண்ணாடி இழைகளைப் பரப்பி ஒட்டிய பாய்) பிசுபிசுவென்று கையோடு வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, படகைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து, வெயிலில் காயவைத்துச் செய்தேன். என் கைக்காசில். இறங்கிவந்த லாரி வாடகை கூலியைவிட அதிகம்.

இப்போது உடைசல். எம்ரி வட்டு 36 நம்பர் போட்டு உடைசலைச் சுற்றிச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: படகின் கனம் 5 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 60 மில்லிமீட்டர் சாய்வு. பார்க்கும்போது உள்ளங்கை ஓட்டை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகிவிடும், பயமாக இருக்கும். அந்தச் சாய்வுதான் பிடிப்பு. புது ஃபைபர் பழைய ஃபைபரில் உருகிச் சேராது, கீறலைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவது மட்டும்தான். வெளிப்பக்கம் மெழுகு தேய்த்த சன்மைக்காவை அழுத்திக் கட்டிவிட்டு, உள்ளேயிருந்து அடுக்குங்கள். அசிட்டோனில் துடைத்த பிறகு கையால் தடவாதீர்கள். 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மேட்டின் எடைக்கு இரண்டரை மடங்கு ரெசின் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி மாதிரி நெய்த இழையான ரோவிங்குக்கு சரிக்குச் சரி. முதல் துண்டு பெரியதாக இருக்கட்டும், சாய்வு முழுவதையும் அதுவே மூடட்டும். சிறியதில் தொடங்கும் பட்டறைகளும் உண்டு. நான் பெரியது கட்சி. இரும்பு ரோலரால் காற்றுக் குமிழை வெளியே தள்ளுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே ரெசின் போகவில்லை.

சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் ஜெல்கோட்டோடு, அதாவது வெளியே தெரியும் வழவழப்பான மேல்பூச்சோடு, நின்றுவிடும். ஒன்றைச் சுரண்டிப் பாருங்கள். கீழே ஃபைபர் முழுதாக இருந்தால் உப்புத்தாள் போட்டுப் பட்டி பார்த்தால் முடிந்தது.

பின்பலகைக்கு மட்டும் கொஞ்சம் காசு செலவழியுங்கள். உள்தோலை வெட்டி எடுத்து, அழுகிய பலகையை உளியால் சுரண்டி, ஐஎஸ் 710 முத்திரை உள்ள 18 மில்லிமீட்டர் மரைன் பிளை இரண்டை ஒட்டி வையுங்கள். இங்கே பாலியஸ்டர் வேண்டாம், எபாக்சி என்ற வேறு வகை ரெசின். பாலியஸ்டர் மரத்தில் சரியாகப் பிடிக்காது, சில வருடத்தில் உரிந்துவரும். எபாக்சி போடுமிடத்தில் மேட் போடாதீர்கள். மேட்டைப் பிடித்துவைத்திருக்கும் பசை பாலியஸ்டரில்தான் கரையும். ரோவிங் மட்டும் மூன்று அடுக்கு, பக்கச் சுவரில் ஆறு அங்குலம் ஏறட்டும். ஒருமுறை எபாக்சி போட்ட இடத்தின்மேல் மறுபடி பாலியஸ்டரும் போடாதீர்கள், சரியாக இறுகாது.

மோட்டார் போல்ட் 12 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையை 20 மில்லிமீட்டராகப் போட்டு, எபாக்சிப் பட்டியால் முழுதாக அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் 12 போடுங்கள். பலகையைத் தண்ணீர் தொடவே தொடாது. உங்கள் படகைக் கட்டியவர் இந்த அரைமணி நேர வேலையைச் செய்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

தட்டை மூடும் முன்பு புதுத் தெர்மாகோல் வைக்க வேண்டும். ஃபைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், படகு நிரம்பினால் மூழ்கும். 200 கிலோ உடம்பென்றால் தண்ணீருக்குள் அதன் எடை ஏறக்குறைய 70 கிலோ. மோட்டாருக்கு 40 சேர்த்து, பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கும் வைத்தால், குறைந்தது 200 லிட்டர் தெர்மாகோல் வேண்டும். அணியத்திலும் (படகின் முன்பக்கம்) பின்னாலும் பிரித்து வையுங்கள். பாலிதீனில் சுற்றி வையுங்கள், இது முக்கியம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் சுற்றாமல் வைத்து மேலே ரெசின் பூசினேன். கண் முன்னாலேயே கட்டி கற்பூரம்போல சுருங்கிக் குழிந்து, கடைசியில் ஒரு பிசினாக அடியில் கிடந்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லோரிடமும் சொன்னார்.

தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை, தூசி முகமூடி. ரெசின் பூசும்போது அது போதாது, கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். புளியமரத்தடி திறந்தவெளியாக இருப்பது நல்லது, ஆனால் ஈர ரெசினில் இலை கொட்டும். மேலே ஒரு தார்ப்பாய் கட்டுங்கள்.

வெளிப்பூச்சுப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல தண்ணீர்தானே, கடல் மாதிரி அரிக்காது என்று நினைக்காதீர்கள். இரும்புக்கு அது சரி. ஃபைபருக்கு நல்ல தண்ணீர்தான் வேகமாக உள்ளே இறங்கும், கொப்புளம் கிளம்பும். கொப்புளத்தைக் குத்தினால் காடி வாசனையோடு நீர் வரும். வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால், நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்சி பிரைமர் மூன்று கை அடியுங்கள். வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்துவைக்கும் பழக்கம் இருந்தால் ஜெல்கோட்டே போதும்.

மீன்வளத் துறையின் உரிமம் இல்லாமல் அணையில் வலை போட முடியாது. அதைப் படகை வெட்டும் முன்பே மேட்டூரில் விசாரித்துவிடுங்கள், ஃபைபர் படகுக்கும் மோட்டாருக்கும் அனுமதி உண்டா என்பதையும் சேர்த்து.

வெள்ளோட்டத்தை ஆடியில் வைக்காதீர்கள்; அம்மியைப் பறக்கவைக்கிற காற்று, அணையில் அலையே எழும். பண்ணவாடி பக்கம் நீர் இறங்கிய நாட்களில் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். அந்த மாதிரி கல்லும் கட்டடமும் தண்ணீருக்குள் இருக்கும் பக்கமாகப் புதுப் படகை ஓட்ட வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் மோட்டார் இல்லாமல் இறக்கி, மோட்டார் எடைக்குப் பின்னால் மணல் மூட்டை கட்டி, வாளியால் மொண்டு ஊற்றிப் படகை வேண்டுமென்றே நிரப்புங்கள். விளிம்பு மட்டமாக மிதந்தால் தெர்மாகோல் கணக்கு சரி. பின்பக்கம் தொங்கினால் அங்கே இன்னும் வைக்க வேண்டும். அப்புறம் வடிகால் மூடியைத் திறந்து கரையில் வடியவிடுங்கள். அந்த மூடியை ஒரு கயிற்றில் கட்டி மோட்டார் சாவியோடு முடிந்துவையுங்கள். மூடியை மாட்ட மறந்து இறக்கி, பத்து நிமிடத்தில் கணுக்கால் வரை தண்ணீரோடு திரும்பிவந்த அனுபவசாலிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.