மாஸ்க்கும் நம்பர் பிளேட்டும்

அன்புள்ள அண்ணன்,

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஆர்ம் 64-பிட் பிராசஸருக்கான பகுதியைப் படிக்கிறேன். ஒரு கட்டளை இன்னதுதானா என்று பார்க்கும் குட்டி ஃபங்ஷன்களைத் தனித்தனியாக எழுதாமல், ஒரே மேக்ரோவுக்கு (கம்பைலுக்கு முன் கோடாக விரியும் அச்சு) மாஸ்க், மதிப்பு என்று இரண்டு எண்களை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இதனால் வேகம் கூடுமா, வரி மிச்சம் மட்டும்தானா?

— பொறியியல் மாணவர், தக்கலை

தம்பி,

வேகம் கூடாது. எப்படி எழுதினாலும் கம்பைலர் ஏறக்குறைய ஒன்றேதான் தரும். லாபம், மாஸ்க்கும் மதிப்பும் ஒரே வரியில் இருப்பதுதான்.

தக்கலையில் ரோட்டோரம் நின்று வண்டிகளைப் பாருங்கள். டிஎன் 74 நாகர்கோவில், டிஎன் 75 மார்த்தாண்டம். அதைச் சொல்லக் கடைசி நாலு எண் எதற்கு? எந்த இடத்தைப் பார்ப்பது என்பது மாஸ்க்; அங்கே என்ன இருக்க வேண்டும் என்பது மதிப்பு. ஆர்ம் 64-பிட்டில் எல்லாக் கட்டளையும் 32 பிட் என்பதால் இது சரியாகப் பொருந்துகிறது. (இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களின் எக்ஸ்86இல் ஒரு கட்டளை 1 பைட்டிலும் முடியும், 15 பைட்டு வரையும் நீளும். அங்கே இந்தச் சொகுசு கிடையாது.)

'பி' கட்டளை சும்மா தாவும். 'பிஎல்' தாவும்போதே திரும்பி வரவேண்டிய முகவரியை எக்ஸ்30 ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) போட்டுவைக்கும். மேல் 6 பிட் முன்னதற்கு 000101, பின்னதற்கு 100101. மிச்ச 26 பிட்டும் தாவும் தூரம். ஒருமுறை என் சோதனைக் கர்னலில், சுருக்குகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, 'பி'யின் மாஸ்க்கில் அந்த முதல் பிட்டை விட்டுவிட்டேன். கேபுரோப் (ஓடும் கர்னலில் ஒரு கட்டளையை இடைமறித்துப் பார்க்கும் வசதி) வைத்த இடத்தில் 'பிஎல்'லை 'பி' என்று எடுத்துக்கொண்டு கர்னல் தாவிவிட்டது. எக்ஸ்30இல் பழைய முகவரிதான் கிடந்தது. தாவிப்போன ஃபங்ஷன் முடிந்ததும் எங்கேயோ போய் விழுந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள். மாஸ்க் ஒரு பக்கமும் மதிப்பு ஒரு பக்கமுமாக எழுதியிருந்தேன். ஒரே வரியில் இருந்திருந்தால், ஆர்ம் மேனுவலைப் பக்கத்தில் விரித்ததுமே தெரிந்திருக்கும்.

மாஸ்க்குக்கு வெளியே மதிப்பில் 1 இருந்தால் கம்பைலே ஆகாதபடி அந்த மேக்ரோவுக்குள் ஒரு காவலும் உண்டு. 'பிஎல்'லில் இதே தப்பைச் செய்தால் அது பிடிக்கும். நான் செய்தது 'பி'யில். அங்கே அந்தப் பிட் 0. காவல் இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது!

ஒரு குறை. ஃபங்ஷன் பெயரை மேக்ரோ துண்டு துண்டாக ஒட்டிச் செய்வதால், அந்தப் பெயரைக் கோடில் தேட கிரெப் போட்டால் கூப்பிடும் இடங்கள் வரும், வரையறை வராது. அதனால் ஒற்றைக் கட்டளைக்கு மேக்ரோ சரி. "இது ஏதாவது ஒரு தாவலா?" என்று பலவற்றைச் சேர்த்துக் கேட்பதைச் சாதாரண ஃபங்ஷனாகவே எழுதுங்கள்.

அப்புறம், பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்பினால் பெயர் மாற்றத்தையும் மாஸ்க் மாற்றத்தையும் ஒன்றிலேயே கலந்துவிடாதீர்கள்.