ரூட் கேனாலுக்கு நாலு தடவை டிஜிட்டல் எக்ஸ்ரே எடுத்தார்கள். தேவையா, காசு பிடுங்குகிற வேலையா?

உங்களுக்குப் பார்த்தது கடைவாய்ப்பல்லாகத்தான் இருக்கும். பில்லில் எக்ஸ்ரேவுக்குத் தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் உறுத்துகிறது. ஆனால் ரூட் கேனாலில் நாலு என்பது அதிகமில்லை. ஆரம்பிக்கும் முன் ஒன்று, ஃபைல் என்கிற மெல்லிய ஊசி போன்ற கருவியை வேருக்குள் விட்டு நீளம் பார்க்க ஒன்று, வேரை அடைக்கிற ஜிபி (ரப்பர் மாதிரியான ஒரு பொருள்) குச்சி சரியாக நிற்கிறதா என்று ஒன்று, அடைத்து முடித்த பிறகு ஒன்று.

நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலியில் ஒரு பல் கிளினிக்கில் அசிஸ்டென்டாக இருந்தவள். "அசிஸ்டென்டுக்கு என்ன தெரியும்" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தக் காலத்தில் ஃபிலிம் கழுவினது டாக்டர் இல்லை, நாங்கள்தான்.

டார்க் பாக்ஸ் என்று ஒரு பெட்டி. கை நுழைக்க இரண்டு ஓட்டை, அதில் தைத்த துணிக் கை, மேலே சிவப்பு மூடி. ஃபிலிம் உறையைப் பிரித்து, கறுப்புக் காகிதத்தையும் ஈயத் தகட்டையும் தள்ளிவிட்டு, கிளிப்பில் மாட்டி படத்தை வரவைக்கும் டெவலப்பரிலும் தண்ணீரிலும், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரிலும் முக்கி எடுக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு டெவலப்பர் சூடாகி ஃபிலிம் சீக்கிரமே கறுத்துவிடும். ஃபிக்ஸரிலிருந்து அவசரமாக எடுத்தால் நாளாக நாளாகப் பழுப்பேறும்.

ரிட்டையரான வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். மேல் கடைவாய்ப்பல். வேருக்குள் ஃபைல் நிற்கிறது, வாயைத் திறந்தபடியே காத்திருக்கிறார். பெட்டியின் துணிக் கை கிழிந்திருந்ததால் வெளிச்சம் புகுந்து ஃபிலிம் முழுக்கக் கறுப்பு. மாற்றித் தாருங்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருந்தேன், யார் காதில் விழுந்தது? மறுபடி எடுத்துக் கழுவினால் வேரின் நுனி படத்திலேயே இல்லை. அதற்கடுத்ததை எடுப்பதற்குள் தாடை வலியில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. திட்டு மட்டும் எனக்கு.

அப்புறம் ஆர்விஜி என்கிற டிஜிட்டல் எக்ஸ்ரே கருவி வாங்கினார்கள். ஃபிலிமுக்குப் பதில் ஒயர் வைத்த ஒரு சென்சாரை வாயில் வைப்பார்கள். பட்டனை அழுத்தின சில நொடியில் பல் திரையில் தெரியும். நுனி விழவில்லையா, சென்சாரைக் கொஞ்சம் நகர்த்தி அங்கேயே இன்னொன்று. அதே வாத்தியார் வேறொரு பல்லுக்காக வந்தபோது, வேர் நுனியில் நோய் இருப்பதைக் காட்டும் கறுப்புத் திட்டை டாக்டர் பெரிதாக்கிக் காட்டினார். "வலியே இல்லாத பல்லைத் தோண்டப் பாக்கிறீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார் அவர். நகக்கண் அளவு ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டின காலத்தில் யாருமே இப்படி நம்பினதில்லை.

கதிர்வீச்சுப் பயத்துக்கு வருகிறேன். 1896இல் ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தன் பல்லையே எக்ஸ்ரே எடுத்தபோது 25 நிமிடம் பிடித்தது. இன்று நொடியில் சிறு பங்கு. ஒரு சின்ன டிஜிட்டல் படத்துக்கு ஏறக்குறைய 5 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து நாம் ஒரு நாளில் வாங்குவதே சராசரியாக அதைவிடச் சற்றுக் கூடுதல். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஏதோ கம்பெனிக்கு விளம்பரம் செய்வதாக நினைக்க வேண்டாம், குறையும் சொல்கிறேன். சென்சார் ஃபிலிமைவிடத் தடிமன், சிலருக்குக் குமட்டும். சொத்தையைக் கண்டுபிடிப்பதில் நன்றாகக் கழுவின ஃபிலிமுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எடுப்பது சுலபம் என்பதால் கை தாராளமாகப் போகும் டாக்டர்களும் உண்டு.

காசு கொடுத்திருக்கிறீர்கள், படங்களை வாட்ஸப்பில் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு கிளினிக்குக்குப் போனால் காட்டலாம். சென்சாருக்குப் புது பிளாஸ்டிக் உறை போடுகிறார்களா என்றும் பாருங்கள், சென்சாரைக் கொதிநீராவியில் வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. அதன் ஒயரைக் கடித்துவிடாதீர்கள். லட்ச ரூபாய்ச் சாமான், டாக்டரின் கோபம் அசிஸ்டென்ட் மேல்தான் இறங்கும்.

அந்தப் பிள்ளைகளை "ஏ பொண்ணு" என்று கூப்பிடாமல் இருந்தால் நல்லது. மிஷினுக்கு லட்சம் கொடுத்தவர்கள் எங்கள் சம்பளத்தை ஏற்றவில்லை. முன்பாவது ஃபிலிமின் வெள்ளி கரைந்திருக்கும் பழைய ஃபிக்ஸரை வெள்ளி எடுக்கிறவர் வந்து வாங்கிப் போவார், அந்தக் காசு எங்கள் டீச் செலவுக்கு ஆகும். ஆர்விஜி வந்ததும் அதுவும் நின்றுபோனது.