திரும்பி வருவது யார்?

சென்ற இதழில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு பேட்டையையே இடித்துத் தள்ளி அரங்கம் கட்டினார்கள் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இங்கே தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு நடக்கிற நேரமாயிற்றே, அதைப் பிடித்துக்கொண்டு தாராவி, செம்பூர், சயான், ஆன்டாப் ஹில் என்று மும்பையின் பல பேட்டைகளிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அக்கா, என் மகன் பிட்ஸ்பர்க்கில்தான் எம்.எஸ். படிக்கிறான். ஊர் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, தாராவியையும் இப்படிக் கட்டிவிட்டால் நல்லதுதானே அம்மா என்கிறான். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், நம்பவில்லை. அங்கே இடித்தது எந்த இடம்? அந்த ஜனங்கள் எல்லாம் எங்கே போனார்கள்?
– ஒரு வாசகி, 90 அடி சாலை, தாராவி

உங்கள் மகன் சொல்வதில் தப்பே இல்லை. பிட்ஸ்பர்க் இன்றைக்கு அழகான ஊர்தான். 1950-ல் ஆறே முக்கால் லட்சம் பேர் இருந்த இரும்பு ஆலை நகரம், ஆலைகள் மூடி, ஜனம் வெளியேறி, 2020 கணக்கெடுப்பில் 3 லட்சத்துச் சொச்சத்தில் நிற்கிறது. அங்கே நகர மையத்தை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது, ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். யூதர்கள், இத்தாலியர்கள், சிரியாக்காரர்கள், தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்கள் என்று எல்லோரும் முதலில் வந்து இறங்கிய இடம் அது. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தவர்களுக்குத் தாராவி எப்படியோ அப்படி. ஜாஸ் இசை விடுதிகள், முடிதிருத்தும் கடைகள், சர்ச்சுகள், இரவெல்லாம் நடமாட்டம்.

வீடுகள் மோசமாகத்தான் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. நிறைய வீடுகளில் சரியான குளியலறை கிடையாது, குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் வேறு எங்கோ இருந்துகொண்டு வாடகை மட்டும் வாங்கினார்கள். ஆனால் அதற்கு நகரம் கண்ட வழி, வீடுகளைச் சரிசெய்வது இல்லை, பேட்டையையே எடுத்துவிடுவது. 1946-ல் மறுசீரமைப்புக்கென்றே ஒரு ஆணையம் அமைத்தார்கள். 1949-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம், சேரி என்று முத்திரை குத்திய நிலத்தை வாங்கி இடித்துத் தருகிற செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசே கொடுக்கும் என்றது. இடிக்கப் பணம் அங்கிருந்து வரும் என்றால் இடிக்கத்தானே தோன்றும்? 1956-ல் இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர், சுமார் 1,300 கட்டடங்கள், 400-க்கும் மேற்பட்ட கடைகள், 8,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள்.

அந்த இடத்தில் 1961-ல் சிவிக் அரீனா என்கிற பெரிய அரங்கம் வந்தது. எஃகுக் கூரை, மழை இல்லாத நாளில் அந்தக் கூரையைத் திறந்துவிடலாம், அன்றைக்கு உலகமே வியந்தது. பக்கத்தில் கலை மையம் வரும் என்றார்கள், வரவே இல்லை. மீதி நிலத்தில் பெரும்பகுதி கார் நிறுத்துமிடமாகப் போனது. போதாக்குறைக்கு நகர மையத்துக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு விரைவுச் சாலை வேறு. ஜனங்களில் சிலருக்கு அரசுக் குடியிருப்பில் இடம் கிடைத்தது, மற்றவர்கள் கிடைத்த பேட்டைகளில் வாடகைக்குப் போனார்கள். இடம்பெயர்கிறவர்களுக்கு நாடு முழுக்க ஒரே மாதிரி உதவி தரவேண்டும் என்கிற சட்டமே அங்கு 1970-ல்தான் வந்தது. அதற்குள் இடிப்பு தொடங்கிப் பதினாலு வருஷம் ஆகிவிட்டதே.

1957-ல் பெத்தேல் என்கிற பழைய சர்ச்சையும் இடித்தார்கள். கறுப்பின மக்களின் சர்ச். அந்தச் சபையார் தங்கள் நிலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பிள்ளைகள் தலைமுறையும் கேட்டது, கடைசியில் 2023-ல் அங்கே ஒன்றரை ஏக்கர் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். 66 வருஷம்! சர்ச் போன இடத்துக்குப் பக்கத்தில் வந்த அந்த அதிசய அரங்கத்தின் ஆயுளோ ஐம்பதே வருஷம்தான், 2012-க்குள் அதையும் இடித்து முடித்துவிட்டார்கள்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டர் அவென்யூவும் க்ராஃபோர்ட் தெருவும் சந்திக்கிற முனைக்குப் போய் நிற்கட்டும். 1960-களில் அங்கே மக்கள் ஒரு பெரிய பலகை வைத்தார்கள்: இந்த இடத்துக்கு மேல் மறுசீரமைப்பு கிடையாது, கீழ்ப்பகுதியில் ஏழைகளுக்கு வீடு கட்டு என்று. இடிப்பு அந்த முனையைத் தாண்டி மேலே போகவில்லை. இப்போது அதற்கு விடுதலை முனை என்று பெயர், 2001-ல் நினைவிடமும் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் டீனி ஹாரிஸ் என்கிற பத்திரிகைப் புகைப்படக்காரரின் படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மேட்டு ஜனங்களின் கல்யாணம், பந்தாட்டம், கடைவாசல் அரட்டை எல்லாம் எடுத்தவர். ஏறத்தாழ 80,000 நெகடிவ்கள் அங்கே இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு அவன் உங்களிடம் பேசட்டும்.

கேள்வி: செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் 24 வீடு. 51 சதவீதம் பேர் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். நாங்கள் 11 பேர் தயங்குகிறோம். அமெரிக்காவில் அக்கம்பக்கத்தாரைக் கேட்டுத்தான் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– ஒரு வாசகர், செம்பூர்

பாதி உண்மை. ஹில் டிஸ்ட்ரிக்ட் மாதிரி ஊருக்கு ஊர் நடந்த பிறகு, கேட்காமல் இடித்தால் சும்மா இருக்கமாட்டோம் என்று ஜனங்கள் கிளம்பியதால் வந்த வழக்கம் அது. மினசோட்டாவில் செயின்ட் பால் என்று ஒரு நகரம், 3 லட்சம் பேர் இருப்பார்கள். 1970-களின் நடுவிலிருந்து அங்கே 17 வட்டார மன்றங்கள் நடக்கின்றன. நகராட்சியே நிதி தருகிறது, அந்தந்தப் பேட்டைக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து திட்டம் எழுதுகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் சாயங்காலம் ஏழு மணிக் கூட்டத்துக்கு யாரால் வரமுடியும்? சொந்த வீடு இருக்கிறவர், வேலை முடித்து நேரத்தோடு வீடு திரும்புகிறவர். வாடகைக்காரர், இரவு ஷிஃப்ட் போகிறவர், கைக்குழந்தைக்காரி வரமாட்டார்கள். அதனால் பல ஊர்களில் பேசும் உரிமை, வேறு யாரும் இங்கே வரக்கூடாது என்று தடுக்கும் உரிமையாகவும் ஆகிவிட்டது. பக்கத்து மினியாபொலிஸ் நகரத்தில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் தனி வீட்டைத் தவிர வேறு எதுவும் கட்டக்கூடாது என்றிருந்தது. 2018 டிசம்பரில் நகர மன்றம் அதை மாற்றி, மூன்று குடித்தனம் வரை கட்டலாம் என்று முடிவெடுத்தது, அதற்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஆக, கூட்டம் போட்டார்கள் என்பதோடு திருப்திப்படக்கூடாது, அந்தக் கூட்டத்தில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் வந்த மாநில அரசாணைப்படி 51 சதவீதம் என்பது சரிதான், 11 பேர் தயங்கி அதை நிறுத்த முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்பதில் உங்களுக்குக் கை இருக்கிறது, சண்டை போடவேண்டிய இடம் அதுதான். மறுபடியும் பிட்ஸ்பர்க்கையே சொல்கிறேன். 2008-ல் ஹாக்கி அணிக்குப் புது அரங்கம் கட்டப் போனபோது ஹில் ஜனங்கள் இந்த முறை ஏமாறவில்லை. சங்கங்கள், சர்ச்சுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்று, பேட்டைக்கு என்ன கிடைக்கும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒன்று மளிகைக் கடை. ஆமாம், மளிகைக் கடைதான்! முப்பது வருஷமாக அந்தப் பேட்டையில் காய்கறி வாங்க ஒரு பெரிய கடை கிடையாது, பஸ் பிடித்துப் போகவேண்டும். 2013-ல் கடை வந்தது. 2019-ல் மூடிவிட்டார்கள். கடை வரவேண்டும் என்பதை எழுதி வாங்கினார்கள், அது நிலைத்து நிற்க வழி செய்யவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சால்தான், வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள் இருந்த எங்கள் பழைய கட்டடம்தான் ஞாபகம் வந்தது. பதினெட்டு மாதத்தில் புது வீட்டுச் சாவி என்று சொல்லி டிரான்சிட் கேம்ப் என்கிற தற்காலிகக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டார்கள். பில்டர் தரவேண்டிய வாடகை இரண்டு வருஷம் ஒழுங்காக வந்தது, அப்புறம் பில்டர் பணமில்லை என்று கைவிரித்துவிட்டார். வீடு கைக்கு வர ஒன்பது வருஷம் ஆனது. அம்மா ஒரு தகர டப்பாவில் பழைய வீட்டுப் பூட்டை வைத்திருந்தாள், புது வீட்டுக் கதவுக்கு அதையே போடவேண்டும் என்பாள். அவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் வாடகை "திட்டக்காலம் வரை" என்று இருந்தது. ஓ.சி., அதாவது குடிபோகலாம் என்கிற சான்று வாங்கிச் சாவி கொடுக்கும் நாள் வரை என்று இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

ஆகையால் 24 பேரும் சேர்ந்து ஒரு வக்கீலை வையுங்கள், பில்டர் காட்டுகிற வக்கீல் வேண்டாம். ஒவ்வொரு வீட்டின் கார்பெட் ஏரியாவும் (சுவருக்குள் இருக்கும் தரைப்பரப்பு) பெயரும் பட்டியலாக ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். பில்டர் கைவிரித்தால் வங்கி பணம் தரும் என்கிற வங்கி உத்தரவாதம் கைக்கு வராமல் ஒருவர்கூட வீட்டைக் காலி செய்யாதீர்கள். அப்புறம் கார்பஸ் ஃபண்ட், அதாவது பின்னாளைய செலவுக்கு பில்டர் தரும் வைப்புத்தொகை: 40 மாடி வந்தால் லிஃப்டுக்கும் தண்ணீருக்கும் மாதாமாதம் என்ன ஆகும், பென்ஷனில் இருக்கிறவர் அதை எப்படிக் கட்டுவார் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். வீடு கிடைத்தும் மெயின்டனன்ஸ் கட்ட முடியாமல் விற்றுவிட்டு மும்பைக்கு வெளியே நாலாசோப்ரா பக்கம் போனவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: சாலையை மூடி வீடு கட்டிய ஊர் உண்டா? எங்கள் ஜன்னலுக்கு நேரே மேம்பாலம், அதனால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, சயான்

உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர். நகர மையத்தைச் சுற்றிப் பள்ளமாகத் தோண்டி ஒரு வளையச் சாலை போட்டார்கள், 1965-ல் வேலை முடிந்தது. கோட்டை அகழி மாதிரி நகரத்தைப் பேட்டைகளிலிருந்து வெட்டிவிட்டது. கிழக்குப் பகுதியை 2014-ல் மண் போட்டு மூட ஆரம்பித்தார்கள், மூன்று வருஷத்தில் அங்கே சாதாரணத் தெரு, சுமார் 6 ஏக்கர் நிலம் மிச்சம், அதில் வீடுகள். பிட்ஸ்பர்க்கிலும் மேட்டை வெட்டிய அந்த விரைவுச் சாலைக்கு மேலே 2021-ல் 3 ஏக்கரில் பூங்கா போட்டார்கள். ஹில்லில் கடை வைத்திருந்த, அந்த ஜனங்களுக்காகப் போராடிய ஃப்ராங்கி பேஸ் என்கிற பெண்மணியின் பெயர்தான் அதற்கு.

கேள்வி: வீடு வீடாக சர்வே எடுக்கிறார்கள். நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும்தான் 350 சதுர அடி, உங்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் என்கிறார்கள். எங்களுக்குக் காகிதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?
– ஒரு இளைஞர், தாராவி

தம்பி, உங்கள் கேள்வியைத்தான் மூன்று முறை படித்தேன். ஹில் டிஸ்ட்ரிக்டில் நின்ற வாடகைக்காரர்கள் இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். 2000 ஜனவரி 1-க்கு முன் வந்தவர், தரைத்தளத்தில் இருப்பவர், காகிதம் உள்ளவர் என்று கோடு போட்டுப் போட்டு வடிகட்டினால், கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் அந்தப் பேட்டையை நடத்துகிறவர்களாக இருக்கிறார்கள். காலை நாலு மணிக்கு எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் இட்லிக் கொப்பரை ஆவி பறக்கும். மாவு முந்தின நாள் ராத்திரியே பக்கத்துச் சந்திலிருந்து வந்துவிடும், சட்னி அரைப்பது எதிர்வீட்டு அம்மாள், ஆறு மணிக்குள் அலுமினியப் பாத்திரத்தைத் தலையிலோ சைக்கிளிலோ வைத்துக்கொண்டு பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போய்விடுவார். மூவரும் வாடகைக்காரர்கள். ஒருவரை மட்டும் பத்து கிலோமீட்டர் தள்ளி வைத்தாலும் மூன்று பேர் பிழைப்பும் போச்சு. சர்வே படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

அதனால் நீங்களே எண்ணுங்கள். இது புதிதாக நான் சொல்வதில்லை, நம் மும்பையில் நடந்தது. 1985-ல், நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் அகற்றுவதைத் தடுக்கவில்லை. அதே வருஷம் ஸ்பார்க் என்கிற அமைப்பு பைகுல்லா பக்கத்து நடைபாதைகளில் குடியிருந்த பெண்களோடு சேர்ந்து, அங்கே யார் யார், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று குடும்பம் குடும்பமாக எண்ணியது. ஆறாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள்! அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள்.

உங்கள் சந்தில் முப்பது கதவு இருக்குமா? ஒரு நீள நோட்டு வாங்குங்கள். கதவுக்கு ஒரு பக்கம். கீழ்த்தளம், மேல்தளம் இரண்டிலும் இருப்பவர் பெயர், வந்த வருஷம், என்ன தொழில், அந்தத் தொழில் வீட்டுக்குள்ளேயே நடக்கிறதா, குழந்தை எந்தப் பள்ளி. பழைய மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, கேஸ் புத்தகம் எது இருந்தாலும் நகல் எடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். வாசலில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம். பொங்கலன்று 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைக்கும்போது எடுத்த பழைய படங்கள் வீட்டுக்கு வீடு இருக்கும், பின்பக்கம் தேதி எழுதியிருந்தால் அதையும் சேருங்கள். சர்வேக்காரர் வரும்போது நோட்டைக் காட்டி, உங்களைப் பதிவு செய்ததற்கு ரசீது கேளுங்கள். தகுதி இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீடு என்று போனால் அந்தக் காகிதம் கையில் இருக்கவேண்டும்.

நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியது என்று அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள். ஆதார் எண், ரேஷன் கார்டு நகல் எதுவும் எனக்கு அனுப்ப வேண்டாம், அது உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.