வாசகர் கேள்வி – பதில்: லாரி கிளம்புமுன் பட்டியல்

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலிருந்தும் மலையோரத்திலிருந்தும் புயல், நிவாரணம் தொடர்பாக வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: புயல் அடித்த மறுநாளே ஒரு லாரி நிறையப் பொருள் அனுப்ப எங்கள் இளைஞர் மன்றம் தயார். என்னென்ன வாங்க வேண்டும்? பழைய துணி சேகரிக்கலாமா?
– வாசகர், கொல்லங்கோடு

பழைய துணி வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் மூட்டையாகக் கட்டிய சேலை இரண்டே நாளில் கரும்புள்ளி விழுந்து நாற்றம் எடுக்கும். அதைப் பிரித்து, தரம் பார்த்து, மிச்சத்தை எரிக்க முகாமில் நான்கு பேரின் உழைப்பு வீணாகும். பணம் இருந்தால் புதிதாக லுங்கி, நைட்டி, துண்டு, உள்ளாடை வாங்குங்கள். உள்ளாடை கேட்க எல்லோருக்கும் கூச்சம், அதனால் எந்தப் பட்டியலிலும் அது வராது. நாப்கின் கொடுத்தால் உபயோகித்ததைப் போட காகிதப் பையும் சேர்த்துக் கொடுங்கள்.

முதல் இரண்டு நாள் அடுப்பு எரியாது. விறகு நனைந்திருக்கும், கேஸ் வராது. அப்போது கைகொடுப்பது அவல், கருப்பட்டி, ரஸ்க், வாழைப்பழம். பிரெட் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். அவல் நனைக்கிற தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் வர வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து அரிசிப் பை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து நாளுக்கு: அரிசி 8 கிலோ, பருப்பு 1 கிலோ, தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், உப்பு அரை கிலோ, சீனி அரை கிலோ, மிளகாய்த்தூள் 100 கிராம், தேயிலை 100 கிராம், சோப்பு 2, மெழுகுவர்த்தி 6, தீப்பெட்டி 2. இங்குள்ளவர்கள் சம்பா என்கிற சிவப்புப் புழுங்கல் அரிசிக்குப் பழகியவர்கள். பச்சரிசி மூட்டையாக வந்தால் வாங்கி வைப்பார்கள், சமைக்க மாட்டார்கள். பை 12 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு பெண் இடுப்பில் வைத்து மணலில் நடக்கிற பாரம் அவ்வளவுதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் இருக்கும் முகாமில் பால்பவுடரைப் பொதுவாக விநியோகிக்காதீர்கள். கலக்குகிற தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் அதுவே வயிற்றுப்போக்கு.

லாரி கிளம்புமுன் அந்த ஊரில் ஒருவரிடம் பட்டியல் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் அன்பியம் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) அன்பியமாகவும் மற்ற இடங்களில் வார்டு வார்டாகவும் வீட்டுக் கணக்கு எடுப்பது எளிது. ரேஷன் கார்டை மட்டும் நம்பினால் வாடகைக் குடும்பமும் வடமாநிலத் தொழிலாளியும் விட்டுப்போவார்கள். நீரோடியில் ஒரு சுவருக்கு அப்பால் பொழியூர், அது கேரளம். கேரள ரேஷன் கார்டோடு இந்தப் பக்கம் குடியிருப்பவரை இரண்டு மாநிலக் கணக்கும் விட்டுவிடக் கூடும். அவர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். டோக்கனை முதல் நாள் இரவே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். மெயின் ரோட்டில் லாரியை நிறுத்தி மேலே நின்று வீசினால் ஓடி வரத் திராணி உள்ளவனுக்குத்தான் கிடைக்கும். கிழவியும் கைக்குழந்தைக்காரியும் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

கேள்வி: என் கணவர் கொச்சியிலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவர். ஒக்கிப் புயல் நேரத்தில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நாளுக்கொரு கணக்கு வந்தது ஏன்? கரையில் இருக்கும் நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?
– வாசகி, தூத்தூர்

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. தங்கலுக்குப் போனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலில் இருந்தார்கள். படகில் உள்ள வி.எச்.எப். ரேடியோ கருவி சுமார் 20, 25 கடல் மைலுக்குள்தான் பேசும். ஆழ்கடல் படகோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கிடக்கும். எச்சரிக்கை அவர்களை எட்ட வழியே இல்லை.

கணக்கு குழம்பியதற்குக் காரணம் வேறு. படகு ஒரு மாநிலப் பதிவு, கிளம்பிய துறைமுகம் இன்னொரு மாநிலம், ஆட்களில் தூத்தூர்க்காரரும் விழிஞ்ஞத்துக்காரரும் வடமாநிலத்தவரும் கலந்திருப்பார்கள். ஒரே ஆளைப் படகுக் கணக்கிலும் ஊர்க் கணக்கிலும் இரண்டு முறை எண்ணவும் இரண்டிலும் விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு. போதாததற்கு ஒரே ஞானஸ்நானப் பெயரில் ஒரு ஊரில் பத்துப் பேர். துறைமுகத்தில் தெரிந்தது பட்டப்பெயர், ஆதாரில் இருப்பது வேறு பெயர்.

ஆகவே ஒவ்வொரு தங்கலுக்கும் ஆள் பட்டியல் எழுதுங்கள். படகின் பெயர், பதிவு எண், கிளம்பிய துறைமுகம், தேதி, நேரம், எத்தனை நாளுக்கு ஐஸும் டீசலும் ஏற்றியது, எந்தத் திசைக்குப் போகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் முழுப்பெயர், பட்டப்பெயர், தந்தை பெயர், ஊர், ஆதார் எண், மீனவர் அடையாள அட்டை எண், வீட்டில் இருவரின் போன் எண், உடம்பில் மச்சம், தழும்பு, பச்சை குத்தியது. கடைசி விவரத்தை எழுதக் கை நடுங்கும், தெரியும். ஒக்கியில் கரை சேர்ந்த உடல்கள் பலவற்றை முகம் பார்த்து அடையாளம் காண முடியாமல் டி.என்.ஏ. பரிசோதனைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்தப் பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் இரத்தம் வேண்டும், மனைவியின் இரத்தம் உதவாது. அவர் மட்டும் பயன்படுத்திய பல் துலக்கி, சீப்பு வீட்டில் இருந்தால் கழுவாமல் காகித உறையில் போட்டு வையுங்கள்.

பட்டியல் மூன்று பிரதி: துறைமுகத்தில் ஒன்று, படகு உடமையாளர் வீட்டில் ஒன்று, பங்கு (தேவாலய) அலுவலகத்தில் ஒன்று. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: நடுவில் வேறொரு துறைமுகத்தில் மீன் இறக்கும்போது ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறுவார், பட்டியல் பழையதாகவே கிடக்கும். ஆள் மாறிய அன்றே ஸ்ராங்க் (படகை ஓட்டும் தலைவர்) பங்கு அலுவலகத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் போதும்.

செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் வி.எச்.எப். எட்டாத ஆழ்கடலிலிருந்தும் இருவழிச் செய்தி கொண்டுபோகும். நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கியது. அதன் ஆன்டெனாவுக்கு மேலே திறந்த வானம் இருக்க வேண்டும். அதன்மேல் மீன் பெட்டியோ வலையோ தார்ப்பாயோ கிடந்தால் கருவி இருந்தும் பயனில்லை. கிளம்புமுன் கரையிலேயே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

யாராவது திரும்பாவிட்டால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, பொதுச் சட்டப்படி 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தார்கள். அப்படித் தளர்த்தும்போது முதலில் கேட்கப்படுவது, அவர் அந்தப் படகில் ஏறினார் என்பதற்கான தாள்.

கேள்வி: ஒக்கியின்போது குழித்துறையில் ரயில் மறியல் நடந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எதற்காக?
– கல்லூரி மாணவர், கருங்கல்

2017 டிசம்பர் 7 அன்று கடற்கரை ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். ஆட்களைத் தேடுங்கள் என்பதே முதல் கோரிக்கை. புயல் கடந்து ஒரு வாரம் ஆகியும் ஆழ்கடல் போனவர்களின் தகவல் இல்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதப்பவன் எங்கே ஒதுங்குவான் என்று தெரிந்தவன் மீனவன். அவனைத் தேடும் கப்பலில் ஏற்றுங்கள் என்று மக்கள் கேட்டது நியாயமான, தொழில்நுட்பமான கோரிக்கை. பின்னர் மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு தேடினார்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழகமும் கேரளமும் தலா 20 லட்சம் ரூபாய் அறிவித்தன. மறுவருடம் ஆகஸ்ட்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது லாரிகளில் வள்ளத்தை (படகை) ஏற்றிக்கொண்டு போய் ஆட்களை மீட்டவர்கள் கடற்கரை மீனவர்கள். இதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கிணற்றில் வெள்ளம் புகுந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?
– வாசகி, இரயுமன்துறை

கையளவாக அள்ளிப் போடாதீர்கள், கணக்கு இருக்கிறது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 5 கிராம், அதாவது 140 கிராம். அதற்குப் பின் வழக்கமான சுத்திகரிப்புக்குப் பாதி போதும்.

பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் பசைபோலக் குழைத்து, முக்கால் வாளிக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கலாம். அப்போது லேசான குளோரின் வாடை இருந்தால்தான் மருந்து போதுமான அளவு விழுந்திருக்கிறது. வாடையே இல்லையென்றால் தண்ணீரில் கழிவு அதிகம், அல்லது பவுடர் பழையது. வாய் திறந்து கிடந்த பை வீரியம் இழந்திருக்கும்.

உங்கள் ஊர் ஆற்று முகத்தில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. கடல் நீர் புகுந்த உப்பை குளோரின் போக்காது. மோட்டார் வைத்து மொத்தமாக இறைத்தால் உப்பு போகும் என்று நினைப்பார்கள். வேகமாக இறைத்தால் அடியிலிருந்து இன்னும் உப்புத் தண்ணீர் ஏறும், ஊறிய கிணற்று உறைகள் சரியவும் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மழைநீர் ஊற விடுங்கள். அதுவரை குடிக்க வெளித் தண்ணீர்தான்.

கேள்வி: பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த நிலத்தில் ஏத்தன் (நேந்திரன்) வாழை போட்டிருக்கிறேன். புயலில் சாய்ந்தால் நிவாரணம் எனக்கா, நிலக்காரருக்கா? ரப்பர் மரம் சாய்ந்தால் என்ன செய்யலாம்?
– விவசாயி, திருவட்டாறு

பட்டாக்காரர் பெயரில்தான் பணம் போகும், சண்டை அங்கேதான் தொடங்கும். பாட்ட ஒப்பந்தத்தை வாயால் பேசாமல் இப்போதே எழுதி வாங்கி, சாகுபடி செய்வது நீங்கள் என்று கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் (சாகுபடிப் பதிவேட்டில்) ஏற்றச் சொல்லுங்கள். சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பேரிடர் நிவாரணம். 2022–26 வரையறைப்படி ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய், 2 ஹெக்டேர் வரை. கணக்கெடுக்க ஆள் வருமுன் சாய்ந்ததை வெட்டி அகற்றாதீர்கள். அகற்றியே ஆக வேண்டுமென்றால் தேதியும் இடமும் பதிவாகும்படி, நான்கு எல்லையும் தெரியப் படம் எடுத்த பிறகு வெட்டுங்கள்.

இளம் ரப்பர் கன்று சாய்ந்திருந்தால் வேர் காயுமுன், சில நாளுக்குள், நிமிர்த்தி மண் அணைத்துக் கயிற்றால் மூன்று பக்கம் இழுத்துக் கட்டலாம். பால் வெட்டுகிற மரம் வேரோடு விழுந்தால் தடியாக விற்பதே வழி. ரப்பர் தடியில் சில நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறும், வண்டு துளைக்கும். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருவதால் வியாபாரி விலையை அடித்து இறக்குவார். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஒரே லோடாகப் பேசுங்கள்.

கேள்வி: கரண்ட் வரும்வரை ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் சொருகலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

கூடவே கூடாது. மின்சாரம் பின்னோக்கி லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரைக் கொல்லும். லைனையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்து மட்டுமே இணைக்க வேண்டும். அதன் புகையாலும் உயிர் போகும், ஆகவே ஜெனரேட்டர் வெளியே இருக்கட்டும். அறுந்து கிடக்கும் கம்பியைப் பற்றிச் சொல்ல மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

கேள்வி: கடற்கரைக்கு எல்லோரும் போகிறார்கள். பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளுக்கு நாங்கள் கொண்டுபோகலாமா?
– ஆசிரியை, குலசேகரம்

அவசியம் போங்கள். புயல் என்றாலே கடல்தான் நினைவுக்கு வருவதால் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு உதவி தாமதமாகத்தான் போகிறது. வனத்துறையிடம் முதலில் சொல்லுங்கள். விழுந்த மரம் வழியை அடைத்திருக்கும், ஆகவே அரிசிக்கு முன்னால் மர அறுவை இயந்திரமும் வடமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் போக வேண்டும். அணையைப் படகில் கடந்து போகிற குடியிருப்புகளுக்கு, பொருளை 10 கிலோப் பைகளாகக் கட்டி ஒவ்வொன்றையும் இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். படகில் ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். மாலை நாலு மணிக்குமேல் தண்ணீரில் இறங்காதீர்கள்.